ஹல்லவாரா ஏரியில் கரையாமல் கிடந்த தடம்

ஹல்லவாரா ஏரிக்கரையில் குடியிருக்கிற எண்ணூற்றுச் சொச்சம் பேரில் யாரைக் கேட்டாலும், அந்த வருஷம் குளிர்காலம் ஊரைவிட்டு முழுதாகக் கிளம்பவில்லை, ஒரு கீற்று மட்டும் ஏரி மேலேயே தங்கிவிட்டது என்றுதான் சொல்வார்கள்; ஏன் தங்கியது என்று கேட்டால் மட்டும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அதை அந்த இரண்டு பேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள்.

அந்த இரண்டு பேர் உமையாளும் அவள் கணவன் வைரவனும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து பின்லாந்தின் வடகோடிக்கு வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. வைரவன் சுரங்கத்தில் காற்றோட்டத்தைக் கவனிக்கும் இன்ஜினியர். பூமிக்கு அடியில் அறுநூறு மீட்டரில் வேலை செய்துவிட்டு மாலையில் மேலே வருகிறவன், ஏற்கெனவே பேச்சு குறைவு, அங்கே போய் இன்னும் குறைந்துவிட்டது. உமையாள் பல் டாக்டர். காரைக்குடியில் ஐந்து வருஷம் பல் பிடுங்கியும் அடைத்தும் கட்டியும் கை ஓய்ந்ததே இல்லை. இங்கே அவளுடைய பட்டம் செல்லாது, மொழித் தேர்வு எழுதி, அதற்கு மேல் இன்னும் சில தேர்வுகள் எழுதினால்தான் ஒருவரிடம் வாயைத் திற என்று சொல்லும் உரிமை கிடைக்கும் என்றார்கள். வாரம் மூன்று நாள் நூலகத்தில் கைசா என்ற பக்கத்து வீட்டுக்காரியிடம் பின்னிஷ் படித்தாள். அந்த மொழியில் மரியாதைக்கு என்று தனிச் சொல் வைத்து யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, ஊராட்சித் தலைவியைக்கூட 'நீ' என்றுதான் சொல்கிறார்கள் என்று தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து, "இனிமே உன்னை மட்டும் எதுக்கு நீங்கன்னு சொல்லணும்?" என்று வைரவனிடம் கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, "சரிதான்" என்றான். அந்த ஊர் அவளுக்குக் கொடுத்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, பனி இன்னும் இடுப்பளவு கிடக்க, வெயில் மட்டும் கண்ணைக் கூசுகிற அளவுக்கு வந்திருந்த நாளில், வைரவன் பனிவண்டி வாடகைக்குப் பேசி வைத்திருந்தான். வண்டிக்காரர் ராய்மோ குளிர்காலத்தில் பனிவண்டியும் கோடைக்காலத்தில் படகும் விடுகிறவர், மாடு மாதிரி பெரிய உடம்பு, ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாதவர். ஆரஞ்சு நிறத்தில் பொதபொதவென்று இரண்டு உடுப்பைக் கொடுத்து, ஏழாம் நம்பர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் பல் பல்லாக வைத்த ரப்பர் பட்டை. பல் என்றால் உமையாளின் கண் தானாகப் போகும். குனிந்து பார்த்து, "ஒண்ணு உடைஞ்சிருக்கு" என்றாள். "ஓடும்" என்றார் ராய்மோ.

ஓடியது. கட்டைவிரலால் விசையை அமுக்கினால் போதும், வண்டி கரையிலிருந்து இறங்கி, உறைந்து கிடந்த ஏரிமேல் வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. மரங்கள் பின்னால் ஓடின, மலை கூடவே வந்தது, பனித்தூள் இரண்டு பக்கமும் சிறகாக எழும்பி வெயிலில் மின்னி அடங்கியது, உமையாள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், சின்ன வயசில் ராட்டினத்தில் கத்தியது போல வாய்விட்டுக் கத்தினாள். அந்தப் பத்து நிமிஷம் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைப் பிறகு எப்போதும் அவள் மறுக்கவில்லை.

ஏரி நடுவே, ஏழெட்டு ஊசியிலை மரம் நிற்கிற ஒரு திட்டுக்குக் கால் மைல் முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். எஞ்சின் அடங்கியதும் காது அடைத்துக்கொண்டது போல ஒரு அமைதி. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு கல்லாகியிருந்தது. அதை உடைத்து உடைத்து வாயில் போட்டு உருக்கித் தின்றார்கள்.

"உமை, ஒண்ணு சொல்லணும்" என்றான் வைரவன்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். நீ முதல்ல சொல்லு."

"கம்பெனியில இன்னும் மூணு வருஷம் கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் கையிலிருந்த சோற்றுக்கட்டி அப்படியே நின்றது. "மதுரையில பல் ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. ஜூன் இருபத்தெட்டுக்கு டிக்கெட் போட்டுட்டேன்" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் ஒரே கேள்வியை ஒரே மூச்சில் கேட்டார்கள்: "என்னைக் கேக்காமயா?"

பதில் இல்லாதபோது வருகிற பேச்செல்லாம் வந்தது. கடைசியில் உமையாள் எழுந்தாள். "இந்த ஊர்ல என் பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா? சுரங்க இன்ஜினியர் பொண்டாட்டி. அவ்வளவுதான். ரெண்டரை வருஷமா அவ்வளவுதான். நான் போறேன். பின்னால வராதே. ஒரு அடி எடுத்து வைக்காதே."

கணுக்கால் புதைய அந்த மரத்திட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். திட்டில் ஒரு மரத்தில் சாய்ந்து, வண்டி இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, குரல் எழும்ப அழுதாள். அழுது முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பி நடக்கும்போது காற்று எழும்பியிருந்தது. பனிப்புழுதி முழங்கால் உயரத்துக்குப் புகை மாதிரி தரையோடு ஓடியதில் தன் பாதமே அவளுக்குத் தெரியவில்லை. வண்டி மேல் வைரவன் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"வந்தியா" என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான். வராதே என்று சொன்னால் வராமலே இருந்துவிடுகிற மனுஷன், ஒரு மணி நேரம் ஒரு பொம்பளை பனிக்குள் தனியாகப் போனாளே என்று எழுந்துகூடப் பார்க்காத மனுஷன். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளே வண்டியை ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். பின்னால் உட்கார்ந்தவன் அவள் இடுப்பைப் பிடிக்கவில்லை, பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

ஏப்ரல் முழுக்க அவர்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு வந்த இரண்டு பேர் போல மரியாதையாக இருந்தார்கள். மே மாதம் பனி இளகியது. கூரையிலிருந்து சொட்டியது, சாலையில் ஓடியது, காட்டுக்குள் கறுப்பு மண் வெளியே வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை ஏரி இடி மாதிரி சத்தம் போட்டு உடைந்து, அடுத்த வாரத்துக்குள் நீலத் தண்ணீராகிவிட்டது. அந்த நீலத் தண்ணீர் மேல், கரையிலிருந்து நடு ஏரி வரைக்கும், பனிவண்டி போன தடமும் வந்த தடமும், அங்கிருந்து மரத்திட்டு வரைக்கும் காலடித் தடமும், நாடா விரித்தது போல வெள்ளையாக அப்படியே மிதந்தன.

முதலில் பார்த்தவர் ராய்மோ. படகை இறக்க வந்தவர், ஒரு காலை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார், அது அசையவில்லை. குனிந்து பட்டையின் அச்சைப் பார்த்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பல் விழுந்திருந்தது. "என் ஏழாம் நம்பர்" என்றார். அதைக் கடையில் போய்ச் சொல்ல, சாயங்காலத்துக்குள் யார் தடம் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஊர் அதைப் பெரிசுபடுத்தவில்லை. இருந்தது, அதனால் அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தார்கள். கைசா ஏரியில் பிடித்த வெள்ளை மீனை அதன் ஓரத்தில் புதைத்து வைத்தாள். கொசு அதன் பக்கம் அண்டாது என்று தெரிந்ததும் காட்டிலிருந்து கலைமான்கள் வரிசையாக இறங்கி வந்து, கரையோரத் தடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. மான்களுக்குப் பக்கத்தில் கிழவர்கள் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு சறுக்கினார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் கருவிகளோடு வந்து மூன்று நாள் அளந்துவிட்டு, இது பனிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டு நாள் தூண்டில் போட்டுவிட்டுப் போனார். யாரும் ஒன்றை மட்டும் செய்யவில்லை: காலடி பதிந்திருந்த பகுதியை யாரும் மிதிக்கவில்லை. அதன் ஆரம்பத்தில் யாரோ ஒரு குச்சியை நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். நடந்து போகிறவர்கள் அது வரைக்கும் போய், நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

உமையாள் அந்தப் பக்கமே போகவில்லை. தன் வீட்டுச் சண்டையை ஊரே போய் நின்று வேடிக்கை பார்க்கிறது என்று நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது. அதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. வீட்டு வாசலில் யாராவது எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள்: புகை போட்ட மீன், ரை தானிய ரொட்டி, ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. எல்லாவற்றிலும் வைரவன் பேர் எழுதியிருந்தது. கடையில் அவனைக் கண்டால் முன்பின் தெரியாதவர்கள்கூடத் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்கள். 'எல்லாரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். நான்தான் விட்டுவிட்டுப் போகிறவள், அவன் பாவம்' என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஊரில் ஒருவர் வீட்டு விஷயத்தை இன்னொருவர் வாயால் பேசுவது பெரிய அநாகரிகம், அதனால் ஒருவரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

ஜூன் நடுவில் ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஏரியின் அக்கரையில் இருக்கிற வீடுகளுக்குத் தபாலும் பாலும் ஆட்களும் கொண்டுபோகிற ராய்மோவின் படகுக்குத் தடம் குறுக்கே நிற்கிறது. ஆழமான தண்ணீர் இருப்பது நடு ஏரிக்கும் மரத்திட்டுக்கும் நடுவில் மட்டும்தான். அங்கே ஓரிடத்தில் வெட்ட வேண்டும். தடத்துக்கு உரியவர்கள் நேரில் வந்து சம்மதம் சொல்லவும்.

ஊராட்சிக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி பதிவேட்டைத் திறந்து, உமையாளிடம் பேர் கேட்டாள், சொன்னாள். தொழில் கேட்டாள்.

"பல் டாக்டர்" என்றாள் உமையாள், பின்னிஷில், தெளிவாக.

ஊரில் பல் டாக்டர் இல்லாமல் நாலு வருஷம். பல் வலி வந்தால் நூற்று நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். நாற்பது வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. ராய்மோவின் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது.

"ஏன் சொல்லவில்லை?" என்றாள் தலைவி.

"யாரும் கேட்கவில்லை."

முன்வரிசையில் இருந்த சுகாதார நிலையத்து நர்ஸ் எழுந்து, அது எங்கள் தப்பு என்றாள். மாதத்துக்கு ஒரு தடவை பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க மட்டும் வெளியூரிலிருந்து வருகிற டாக்டருக்குக் கீழே உதவியாளாக வந்து நிற்கலாம், தேர்வுகளை எழுதிக்கொண்டே செய்யலாம், திங்கட்கிழமை வந்து பேசு என்றாள். உமையாள் தலையை ஆட்டினாள்.

தலைவி தொண்டையைச் சரிசெய்துகொண்டு விஷயத்துக்கு வந்தாள். "வெட்டலாமா?"

"எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள். மொத்தத்தையும் வெட்டினாலும் சரி" என்றாள் உமையாள்.

"வேண்டாம்" என்றது ஒரு குரல்.

வைரவன் எழுந்து நின்றிருந்தான். அவன் பின்னிஷ் சுரங்கத்துக்குள் மட்டும் புழங்குகிற பின்னிஷ். வார்த்தையை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. "அங்கே இப்போது வேண்டாம். என் மனைவி இன்னும் பார்க்கவில்லை."

நாற்பது பேரும் குனிந்து தங்கள் காலணியைப் பார்த்தார்கள். உமையாள் பக்கத்தில் இருந்த கைசாவைப் பார்த்தாள். கைசாவின் முகம் சிவந்துவிட்டது. "உனக்குத் தெரியும் என்றல்லவா நாங்கள் எல்லோரும் நினைத்தோம்?" என்றாள் மெல்ல.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை உமையாள் தனியாக ஏரிக்குப் போனாள். மான்கள் நகர்ந்து வழிவிட்டன. பட்டைத் தடத்தின் மேலேயே ஒரு மணி நேரம் நடந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீர் தளும்பியது, காலடியில் மட்டும் மார்ச் மாதம் நொறுநொறுத்தது. சிவப்புத் துணி கட்டிய குச்சிக்குப் பக்கத்தில் அவர்கள் சிந்திய புளிச்சோற்றுப் பருக்கைகூட அப்படியே கிடந்தது. அங்கிருந்து அவளுடைய காலடி, சின்னதாக, கோபமாக, குதிகால் ஆழப் பதிந்து, திட்டை நோக்கிப் போனது.

அதற்குப் பக்கத்திலேயே பெரிய காலடி ஒன்றும் போனது.

சுரங்கத்து பூட்ஸ், அதன் அடிப்பக்கத்தை வாரா வாரம் கழுவுகிறவள் அவள், அச்சு தெரியாமல் இருக்குமா? இருபது அடி போயிருந்தது, நின்றிருந்தது, திரும்பியிருந்தது. மறுபடி வந்திருந்தது; முப்பது அடி, நின்று, திரும்பி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிடக் கொஞ்சம் கூட, ஒவ்வொரு தடவையும் யாரோ பிடித்து இழுத்தது போல வந்த வழியே. உமையாள் விரல் விட்டு எண்ணினாள். பதினொரு தடவை. பதினோராவது தடவை அவன் திட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம், அவள் அழுததெல்லாம் கேட்கிற தூரம். அங்கே திரும்பாமல் நின்றிருந்தான். எவ்வளவு நேரம் நின்றானோ, இரண்டு குதிகாலுக்கும் கீழே பனி இளகி மறுபடி உறைந்து, இரண்டு சின்னக் கண்ணாடிக் குழிகளாக இருந்தது. அதற்குப் பிறகு நீள நீளமான காலடி, வண்டியைப் பார்த்து. அவள் அழுகை ஓயத் தொடங்கியதும் ஓடியிருக்கிறான். அவள் சொன்ன சொல்லை மீறியது அவளுக்குத் தெரியக்கூடாது என்று, அந்தக் கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கால் மைல் ஓடிப்போய், எதுவும் நடக்காதது போல வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு உட்கார்ந்துகொண்டாள்.

கரைக்கு வந்தபோது அவன் அங்கே ஒரு பாறை மேல் இருந்தான்.

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"என்னன்னு சொல்றது?"

"வந்தேன்னு."

"நீதான் வராதேன்னு சொன்னியே."

"வராதேன்னா?"

"அதான் திரும்பித் திரும்பிப் போனேன்." பாறையிலிருந்து இறங்கி, "அழறது கேட்டுச்சு. பக்கத்துல வந்தா இன்னும் அழுவியோன்னு நின்னுட்டேன். எனக்கு அதெல்லாம் சரியா தெரியல உமை" என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கம்பெனிக் கடிதம், மூன்று வருஷம் என்பதை ஒரு வருஷமாகக் குறைக்க அவன் ஏப்ரலிலேயே எழுதிக் கேட்டு, ஒப்புக்கொண்டிருந்தார்கள். "நீ போனாலும் சரி, ஒரு வருஷத்துல பின்னால வந்துடலாம்னு."

"இதையும் சொல்லல."

"இல்ல."

"நீ வாயைத் திறக்கறதுக்கு நான்தான் ஏதாவது செய்யணும் போல" என்றாள் உமையாள். காகிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "கேளு. நாளைக்கு அந்த நர்ஸைப் போய்ப் பார்க்கிறேன். ஒரு வருஷம் தேர்வு எழுதிப் பார்க்கிறேன், எனக்காக. பாஸானா இங்க இருக்கறதைப் பத்திப் பேசலாம். இல்லேன்னா ரெண்டு பேரும் கிளம்பறோம். ஆனா இனிமே நீயும் என்னைக் கேக்காம கையெழுத்துப் போடக்கூடாது, நானும் உன்னைக் கேக்காம டிக்கெட் போட மாட்டேன்."

"சரி."

"சரின்னு மட்டும் சொல்லாதே. வேற ஏதாவது சொல்லு."

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். "நீ வண்டி ஓட்டினது நல்லா இருந்துச்சு" என்றான்.

புதன்கிழமை ஊர் திரண்டு வந்தது. ராய்மோ ஆள் உயரத்துக்கு இருந்த, இரண்டு கைப்பிடி வைத்த ஐஸ் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "எங்கே?" என்றார் உமையாளிடம்.

உமையாள் முன்னால் நடந்தாள். காலடிகளை மிதிக்காமல் ஓரமாகவே, முதல் திருப்பம், இரண்டாவது, ஐந்தாவது, எட்டாவது என்று ஒவ்வொன்றாகக் கடந்து, அந்த இரண்டு கண்ணாடிக் குழிகளையும் கடந்து, இன்னும் பத்தடி போய் நின்றாள்.

"இங்கே."

ராய்மோ குனிந்து பார்த்தார். ஒரு பெண்ணின் காலடி போயிருந்தது, வந்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

"நிச்சயமாகவா?"

"இதற்கு மேல் நான் மட்டும்தான் இருக்கிறேன். இது போகட்டும்" என்றாள்.

ரம்பத்தின் ஒரு பிடியை ராய்மோ பிடிக்க, மறுபிடியை வைரவன் பிடித்தான். மரம் அறுப்பது போல அல்ல, பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். கடைசி விரற்கடை அறுபட்டதும் திட்டுப் பக்கத்துத் துண்டு தனியாகக் கழன்று, மெதுவாகச் சுற்றிக்கொண்டு, வெயிலில் மிதந்து போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் ஓரமாக இளகி, மத்தியானத்துக்குள் மற்றப் பனியெல்லாம் என்ன ஆனதோ அதுவாகவே ஆகிவிட்டது. ராய்மோ கரைக்குப் போய்ப் படகை எடுத்துக்கொண்டு, தபால் பையோடு, அந்த இடைவெளி வழியாக அக்கரைக்குப் போனார். போகும்போது கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "எப்போது?" என்று கத்தினார். "பாஸான அன்றைக்கு!" என்று உமையாளும் கத்தினாள்.

ஊர் கலைந்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் மட்டும் திரும்பி நடந்தார்கள். பழைய காலடியை மிதிக்காமல் ஒருவர் போகத்தான் அங்கே இடம் இருந்தது, இரண்டு பக்கமும் தண்ணீர். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் ஒருவர் தோள் இன்னொருவர் மேல் இடிக்கும், யாராவது ஒருவர் விழுவார்கள். இடித்துக்கொண்டேதான் நடந்தார்கள். பாதி வழியில் வைரவன்தான் விழுந்தான். தடத்தின் ஓரத்தைப் பிடித்து எம்பி, குளிரில் பல் தந்தியடிக்க, தமிழில் அவன் அன்றைக்குப் பேசிய பேச்சு, அந்த மூன்று வருஷத்தில் அவன் பேசிய மொத்தத்தையும்விட அதிகம். உமையாள் அவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டே, ஒன்றைக்கூடத் தடுக்காமல், கேட்டுக்கொண்டு வந்தாள்.